படுக்கை, படகு, அப்புறம் டிக்கெட்: அயர்லாந்து, ஸ்காட்லாந்து மரபிசை விழாக்களுக்குப் போகும் வழி

அயர்லாந்து, ஸ்காட்லாந்து மரபிசையை நேரில் கேட்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கலைஞர் பெயரைப் பார்த்து டிக்கெட் வாங்குகிறார்கள், பிறகு தங்க இடம் தேடி முழிக்கிறார்கள். இந்த இசைக்கு அந்த வரிசை சரிவராது. நல்ல விழாக்கள் பல, சின்ன ஊர்களிலும் தீவுகளிலும் நடக்கின்றன. அங்கே டிக்கெட் கையில் இருந்தாலும் அறை கிடைக்காது. அறை கிடைத்தாலும் கப்பலில் இடம் இருக்காது. போதாக்குறைக்கு, இந்த இசையில் பெரும்பகுதி டிக்கெட்டே இல்லாமல், ஏதோ ஒரு பப்பின் மூலையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்துதான் வாசிக்கப்படுகிறது. அதனால் எந்த வகை நிகழ்ச்சி வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அடுத்து படுக்கை, படகு. டிக்கெட் அதற்கப்புறம். கிளாஸ்கோ, டப்ளின் மாதிரி பெருநகரங்களில் மட்டும் இதைத் தலைகீழாக்கலாம்.

எந்த வகை?

கச்சேரி என்றால் மேடை, ஒலிபெருக்கி, இருக்கை எண். செஷன் என்றால் வாத்தியக்காரர்கள் தங்களுக்காக வாசிப்பது. நாம் பக்கத்தில் நின்று கேட்கலாம், கட்டணம் கிடையாது. கேலி (céilí) என்பது எல்லோரும் சேர்ந்து ஆடும் நடன நிகழ்ச்சி. அங்கே பார்வையாளராக ஓரமாக உட்கார்ந்திருப்பவர்களைத்தான் எல்லோரும் விநோதமாகப் பார்ப்பார்கள். நான்காவது போட்டி: ஒரே மெட்டைப் பத்துப் பேர் அடுத்தடுத்து வாசிக்கக் கேட்பது. காது பழக அதைவிட நல்ல வழி கிடையாது. ஐந்தாவது கோடைப் பள்ளி: காலையில் வகுப்பு, இரவில் செஷன். ஃபிடிலோ (வயலின்தான்) விசிலோ (தகரச் சிறுகுழல்) ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்த காசுக்கு அதிகம் கிடைப்பது இதில்தான்.

சுவரொட்டியில் ‘கெல்டிக்’ (அயர்லாந்து, ஸ்காட்லாந்து போன்ற பகுதிகளின் பண்பாட்டுக்குப் பொதுப்பெயர்) என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி டிக்கெட் வாங்காதீர்கள். அந்தப் பெயரில் ராக் குழுக்களும் எலக்ட்ரானிக் இசையும் சேர்த்துத்தான் விற்கப்படுகின்றன. வாத்தியப் பட்டியலைப் பாருங்கள். ஃபிடில், மரப் புல்லாங்குழல், கான்செர்ட்டினா, பட்டன் அக்கார்டியன், கிளார்சாக் யாழ் என்று இருந்தால் மரபிசை. டிரம் செட்டும் பேஸ் கிட்டாரும் முன்னால் வந்தால் நின்றுகொண்டு குதிக்கும் கூட்டம். இரண்டும் நன்றாகவே இருக்கலாம், ஆனால் ஒன்றை எதிர்பார்த்து மற்றொன்றில் மாட்டிக்கொண்டால் மாலை வீண். ‘பைப்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த பைப் என்று விசாரியுங்கள். ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் பைப், வாயால் ஊதி நின்றபடி வாசிப்பது, திறந்தவெளிக்கான சத்தம். சின்ன அரங்கில் கேட்பதானால் பஞ்சு காதடைப்பான் எடுத்துப் போவது நல்லது. அயர்லாந்தின் இல்லன் பைப், முழங்கையில் இடுக்கிய துருத்தியால் காற்றடித்து உட்கார்ந்தே வாசிப்பது. ஓர் அறைக்கு அளவான ஒலி.

தகவல் எங்கே, எப்போது வரும்?

பெரிய விழாக்களுக்கு அவற்றின் சொந்தத் தளமும் மின்னஞ்சல் பட்டியலும் போதும். அயர்லாந்து முழுக்க நடக்கும் கேலி, வகுப்பு, வட்டாரப் போட்டிகளுக்கு அயர்லாந்து மரபிசை அமைப்பான கோல்தஸின் உள்ளூர்க் கிளைகள்தான் மூலம். ஸ்காட்லாந்துக்கு ‘ஹேண்ட்ஸ் அப் ஃபார் டிராட்’ அமைப்பின் அறிவிப்புகளைப் பின்தொடருங்கள். செஷன்களைத் தேட ‘த செஷன்’ தளத்தில் ஊர்வாரியாகப் பட்டியல் இருக்கிறது. அதை வாத்தியக்காரர்களே பதிவு செய்கிறார்கள். நின்றுபோன செஷனை நீக்கத்தான் யாருக்கும் நினைவிருப்பதில்லை. அதனால் பட்டியலில் பார்த்ததை அன்று மதியம் பப்புக்கு ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். “இன்று செஷன் உண்டா?” என்று கேட்டால் போதாது. கிட்டார் வைத்துக்கொண்டு ஒருவர் பாடுவதையும் சில இடங்களில் அப்படித்தான் சொல்வார்கள். “எத்தனை பேர் வாசிப்பார்கள், என்ன வாத்தியம்?” என்று கேளுங்கள்.

கோடை விழாக்கள் முந்தைய குளிர்காலத்திலிருந்தே கலைஞர் பெயர்களைத் தவணை தவணையாக வெளியிடும். கிராமத்து விழாக்களில் முழு நிகழ்ச்சி நிரல் கடைசி சில வாரங்களில்தான் வரும். அதற்காகக் காத்திருந்தால் அறை போய்விடும். சில விழாக்கள் இடையில் ஓராண்டு ஓய்வெடுப்பதும் உண்டு. போன வருடத் தேதியை வைத்து விமான டிக்கெட் போடாதீர்கள்.

ஆண்டுச் சுற்று

ஜனவரி நடுவில் தொடங்கிப் பிப்ரவரி தொடக்கம் வரை கிளாஸ்கோவில் கெல்டிக் கனெக்‌ஷன்ஸ். 1994-ல் ஆரம்பித்தது; இப்போது 18 நாள் அளவுக்கு, நகரமெங்கும் பல அரங்குகளில் ஒரே நேரத்தில் நடக்கிறது. முழு நிரல் முந்தைய இலையுதிர் காலத்தில் வெளியாகும். அரங்கைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது இங்கே முக்கியம். ராயல் கான்செர்ட் ஹால் 2,000-க்கும் மேற்பட்ட இருக்கை கொண்ட பெரிய மண்டபம். பெரிய குழுக்களுக்குச் சரி, தனி ஃபிடிலுக்குத் தூரம் அதிகம். பாரோலேண்டில் பெரும்பாலும் நின்றுதான் கேட்க வேண்டும். ஓல்டு ஃப்ரூட்மார்க்கெட் பழைய சந்தைக் கட்டடம். ஆட்டமும் கூட்டமுமான இரவுகளுக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. நுணுக்கமான பாட்டோ தனி வாசிப்போ வேண்டுமென்றால் சின்ன அரங்குகளில் நடப்பதைப் பொறுக்கி எடுங்கள். அவைதான் முதலில் விற்றுத் தீரும். ஃபெஸ்டிவல் கிளப் என்ற நள்ளிரவு நிகழ்ச்சிக்குத் தனி டிக்கெட், யார் வாசிப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். அன்று மாலை வேறு மேடைகளில் வாசித்தவர்கள் வந்து சேருவார்கள் என்பதே அதன் ருசி. கையில் காசு குறைவு என்றால், இளம் கலைஞர்களுக்கான டேனி கைல் ஓப்பன் ஸ்டேஜ் இலவசம்.

அதே ஜனவரிக் கடைசியில் டப்ளினில் டிராட்ஃபெஸ்ட் டெம்பிள் பார் நடக்கிறது. செயின்ட் பேட்ரிக் பேராலயம் போன்ற பழைய கட்டடங்களில் கச்சேரி கேட்கலாம். கல் கட்டடம் ஜனவரியில் சில்லென்று இருக்கும், உள்ளே உட்கார்ந்திருக்கும்போதும் கோட்டு வேண்டும். மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் நாளை மரபிசைக்கு நல்ல நாள் என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு. அன்று டப்ளின் நடுவில் இருக்கும் கூட்டத்தின் இரைச்சலில் ஃபிடில் காதில் விழாது. அந்த வாரத்தைத் தவிர்த்து வேறு எந்த வாரமும் போகலாம்.

ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் வடக்கே ஷெட்லண்ட் தீவுகளில் நாட்டுப்புற இசை விழா. மே கடைசியில் அதன் தெற்கே ஆர்க்னி தீவுகளின் விழா. ஜூலை முதல் சனிக்கிழமை தொடங்குவது வில்லி கிளான்சி கோடைப் பள்ளி, அயர்லாந்தின் கிளேர் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) உள்ள மில்டவுன் மால்பேயில். இல்லன் பைப் கலைஞர் வில்லி கிளான்சி 1973 ஜனவரியில் இறந்தார். அதே ஆண்டில் அவர் ஊரில் நண்பர்கள் தொடங்கியது. ஒரே ஒரு பெரிய தெரு உள்ள ஊருக்குள் அந்த வாரம் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். ஊருக்குள் அறை கிடைக்காவிட்டால் ஸ்பானிஷ் பாயின்ட், லஹிஞ்ச், எனிஸ்டைமன் என்று விரிந்துகொண்டே போங்கள். எனிஸ் நகரம் சுமார் 30 கி.மீ.; அங்கே தங்கினால் கார் வேண்டும். நல்ல செஷன் சூடு பிடிக்கும் நேரத்தில் திரும்ப பஸ் இருக்காது.

ஜூலையில்தான் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் உள்ள ஸ்டோர்னோவேயில் ஹெபிரிடியன் கெல்டிக் விழாவும் வழக்கமாக நடக்கும். ஆகஸ்ட் நெரிசலான மாதம்: கிளாஸ்கோவில் பைப்பிங் லைவ் வாரம், அதன் முடிவில் கிளாஸ்கோ கிரீன் மைதானத்தில் உலக பைப் பேண்ட் சாம்பியன்ஷிப், அயர்லாந்தில் ஃப்ளா கியோல். அக்டோபரில் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிப் பாட்டுக்கும் பாடற்குழுக்களுக்கும் ராயல் நேஷனல் மோட். அது வருடத்துக்கு ஒரு ஊர் மாறும்.

ஃப்ளாவும் பெல்ஃபாஸ்ட் சிக்கலும்

கோல்தஸ் 1951-ல் மல்லிங்கரில் தொடங்கிய ஃப்ளா கியோல்தான் அயர்லாந்து மரபிசையின் ஆகப் பெரிய கூட்டம். கவுண்டி, மாகாணம் என்று படிப்படியாக ஜெயித்து வந்தவர்கள் அகில அயர்லாந்துப் பட்டத்துக்கு வாசிப்பார்கள். 2024, 2025-ல் வெக்ஸ்ஃபோர்டு நடத்தியது. 2026-ல் ஆகஸ்ட் 2 முதல் 9 வரை பெல்ஃபாஸ்ட்.

இங்கேதான் வெளிநாட்டுக்காரர்கள் கால் இடறுவார்கள். பெல்ஃபாஸ்ட், ஐக்கிய இராச்சியத்தின் பகுதி. டப்ளினில் இறங்கி ரயிலிலோ பஸ்ஸிலோ ஏறினால் எல்லையில் சோதனைச் சாவடி எதுவும் தென்படாது; அதனால் விசா வேண்டாம் என்று ஆகிவிடாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அயர்லாந்து விசா வேறு, பிரிட்டன் விசா வேறு. பிரிட்டன்–அயர்லாந்து விசாத் திட்டத்தின் கீழ் குறிப்பு இட்டுக் கொடுத்த விசா என்றால் ஒன்றை வைத்து இரண்டுக்கும் போகலாம். அதற்கும் ஒரு நிபந்தனை: விசா கொடுத்த நாட்டுக்குள்தான் முதலில் நுழைய வேண்டும். விண்ணப்பிக்கும்போதே இரு நாட்டுப் பயணத் திட்டத்தையும் காட்டி, அந்தக் குறிப்பு கிடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்ற முன்பதிவுகளைச் செய்யுங்கள். காசும் மாறும்: டப்ளினில் யூரோ, பெல்ஃபாஸ்டிலும் ஸ்காட்லாந்திலும் பவுண்டு. ஸ்காட்லாந்து வங்கிகளும் வட அயர்லாந்து வங்கிகளும் அச்சிடும் நோட்டுகளை ஊர் திரும்பிய பின் மாற்றுவது பெரும்பாடு, அங்கேயே செலவழித்துவிடுங்கள்.

ஃப்ளாவில் தெரு வாசிப்புக்கு டிக்கெட் கிடையாது. நாள் முழுக்கக் குழந்தைகள் கூட்டங்கூட்டமாகத் தெருமுனைகளில் வாசிப்பார்கள். பலருக்கு அதுவே போதும். போட்டி அறைகளுக்குள் போவதானால் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்குவதற்கு இடைப்பட்ட நேரத்தில்தான் கதவு திறக்கும். வாசிப்பின் நடுவே எழுந்து போகக் கூடாது. போன் ஒலிக்கவே கூடாது. மூத்தோர் பிரிவுக் கேலி பேண்ட் இறுதிப் போட்டிக்குத்தான் ஆளாய்ப் பறப்பார்கள். அதற்கு மட்டும் டிக்கெட் விற்பனை தொடங்கும் நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தீவுகளுக்குப் படகு

ஸ்டோர்னோவேக்கு அல்லபூலிலிருந்து கால்மேக் கப்பல், இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆர்க்னிக்கு ஸ்கிராப்ஸ்டரிலிருந்து நார்த்லிங்க், ஒன்றரை மணி நேரம். இறங்குகிற ஸ்ட்ராம்னெஸ்தான் விழா நடக்கும் ஊர், ஆகவே கார் இல்லாமல் சமாளிக்கலாம். ஷெட்லண்டுக்கு அபர்தீனிலிருந்து இரவு முழுக்கப் பயணம், காலையில் லெர்விக். எல்லாக் கப்பல்களிலும் காருக்கான இடம் முதலில் தீரும், நடந்து ஏறுகிறவர்களுக்கு இடம் கிடைப்பது சுலபம். பலத்த காற்றடித்தால் கப்பல் ரத்தாகும். அப்படி விழாவைத் தவறவிட்டால் டிக்கெட் பணம் திரும்பும் என்று எண்ணாமல் விதிமுறையைப் படியுங்கள். போகும்போது ஒரு நாள் முன்னதாகப் போங்கள். திரும்பும்போது அதே நாளில் விமானத்தைப் பிடிக்கிற மாதிரி திட்டம் போடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

டிக்கெட்டில் கவனிக்க வேண்டியது

‘டோர்ஸ்’ என்று போட்டிருக்கும் நேரம் கதவு திறக்கும் நேரம், இசை தொடங்கும் நேரம் அல்ல. நின்று கேட்கும் இரவுகளில் அதற்கும் முக்கியக் குழு மேடை ஏறுவதற்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். இருக்கை உள்ள அரங்கில் நிலைமை நேர்மாறு: ஏழரை என்றால் ஏழரைக்கே தொடங்கிவிடும், தாமதமாக வந்தால் மெட்டுகளுக்கு நடுவில்தான் உள்ளே விடுவார்கள். ‘அன்ரிசர்வ்டு’ என்றால் உட்கார இடம் உண்டு, எண் இல்லை. ‘ஸ்டேண்டிங்’ என்றால் உட்கார இடமே இல்லை. வயது வரம்பையும் பாருங்கள். அயர்லாந்துப் பப்களில் 18 வயதுக்குட்பட்டோர் இரவு 9 மணிக்கு மேல் இருக்கக் கூடாது. மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. பிள்ளைகளோடு போகிறவர்கள் மதியச் செஷன்களைத் தேடுவதே நல்லது.

செஷனில் எப்படி நடந்துகொள்வது

டப்ளினில் ஸ்மித்ஃபீல்டின் காபிள்ஸ்டோன், எடின்பரோவில் சாண்டி பெல்ஸ், கிளேர் கவுண்டியில் டூலின் ஊர்ப் பப்கள்: தொடங்குவதற்குத் தெரிந்த இடங்கள் இவை. சாதாரணமாக இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத் தொடங்கும். அரை மணி முன்னால் போய் வாத்தியக்காரர்கள் மேசைக்கு அடுத்த மேசையைப் பிடியுங்கள். அவர்கள் மேசையில் காலியாக ஒரு நாற்காலி தெரிந்தாலும் உட்காரக் கூடாது. அதன்மேல் வாத்தியப் பெட்டி இருந்தால் சொல்லவே வேண்டாம். ஏதாவது ஒரு பானம் வாங்குங்கள், மது என்று கட்டாயமில்லை.

என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எப்போது பேசலாம், எப்போது கைதட்டலாம் என்பது தானே புரியும். ரீல் என்ற ஆட்ட மெட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு பாகம். ஒவ்வொன்றும் 8 ஆவர்த்தனம், இரண்டு முறை. ஆக 32 ஆவர்த்தனம், நல்ல வேகத்தில் 35 விநாடி அளவு. அதை இரண்டு, மூன்று முறை வாசித்ததும் நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். தாவுவதற்குச் சற்று முன் வழிநடத்துபவர் தலையை நிமிர்த்துவார், புருவத்தைத் தூக்குவார், சில சமயம் ஒரு “ஹப்” சத்தம். மற்றவர்கள் கண்ணை அவர்மேல் வைத்திருப்பார்கள். புது மெட்டின் முதல் சுரத்தில் மேசையே ஒருசேரக் குதிக்கும் அந்தக் கணத்தைப் பார்க்கத்தான் பக்கத்து மேசை. மூன்று மெட்டு கொண்ட ஒரு ‘செட்’ மூன்றரை முதல் ஐந்து நிமிட அளவில் முடிந்துவிடும். கேள்வி, பாராட்டு, கைதட்டல் எல்லாம் அதற்குப் பிறகு.

தாளத்தைப் பிடிக்க கர்நாடகச் சொற்கட்டு நன்றாக உதவும். ஜிக் 6/8: தகிட தகிட. ஸ்லிப் ஜிக் 9/8: தகிட மூன்று முறை. ரீல் 4/4: தகதிமி தகதிமி. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்ஸ்பே என்ற ஆட்ட மெட்டில் குறில்–நெடில் என்று வெட்டி வெட்டி வரும். அதைக் கேட்டதும் ஊர் தெரிந்துவிடும். கையால் தாளம் போட்டு மனசுக்குள் எண்ணுங்கள், சத்தமாகக் கைதட்டித் தாளம் போடாதீர்கள். பப்பின் கடைசி மூலையிலிருந்து வரும் தட்டல் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் போய்ச் சேரும், வாசிப்பவர்களை இழுத்து நிறுத்தும். யாராவது துணை வாத்தியமின்றி ஷான்-நோஸ் என்ற பழைய ஐரிஷ் பாணியில் பாடத் தொடங்கினால் முழு அமைதி; பரிமாறுபவர்கள்கூடக் கோப்பையைக் கீழே வைக்காமல் நிற்பார்கள். பதிவு செய்வதானால் முதலில் கேளுங்கள்.

வாசிக்க விருப்பமா? பெட்டியைத் திறக்காமல் இரண்டு மூன்று செட் கேட்டுவிட்டு, இடைவெளியில் “சேர்ந்துகொள்ளலாமா?” என்று கேளுங்கள். சில செஷன்களில் முன்னணி வாத்தியக்காரர் இருவருக்கோ மூவருக்கோ பப் பணம் கொடுத்திருக்கும், முடிவு அவர்களுடையது. இசைக்குறிப்புத் தாள் கூடாது. தெரியாத மெட்டுக்குத் தட்டுத்தடுமாறிக் கூட வாசிப்பதைவிடச் சும்மா இருப்பது மரியாதை. விசில் எடுத்துப் போவதானால் டி சுருதி. பவ்ரான் மேளம் ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஏற்கெனவே ஒருவர் அடித்துக்கொண்டிருந்தால் உங்களுடையது உறையிலேயே இருக்கட்டும். கிட்டாருக்கும் அதே விதி: ஒரே மெட்டுக்கு இரண்டு பேர் வெவ்வேறு கார்டு (chord, சுரக்கூட்டு) போட்டால் மெட்டு நசுங்கிப்போகும்.

கேலியில்

ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் ஒருவர் மேடையிலிருந்து அடிகளைச் சொல்லித் தருவார். கே கார்டன்ஸ் ஜோடியாக வட்டத்தில் போவது, முதல் ஆட்டத்துக்குச் சுலபம். ஸ்ட்ரிப் த வில்லோவில்தான் காயம்: சுழலும்போது மணிக்கட்டைப் பிடித்தால் கடிகாரமும் வளையலும் கையைக் கிழிக்கும். முழங்கையைக் கோத்துக்கொள்ளுங்கள்; வளையலைக் கழற்றிப் பையில் போடுங்கள், கண்ணாடி வளையல் என்றால் கட்டாயம். ரப்பர் அடிச் செருப்பு தரையைப் பற்றிக்கொள்ளும், உடல் திரும்பும்போது முழங்கால் திரும்பாது. வழவழப்பான அடி உள்ள ஷூதான் சரி. புடவையோடு ஆடுவது வேண்டாம்.

பைப் பேண்ட் மைதானத்தில்

கிளாஸ்கோ கிரீனில் ஒவ்வொரு பேண்டும் வட்டமாக, உள்நோக்கி நின்று வாசிக்கும். பைப்புக்கு இருவர், மேளத்துக்கு ஒருவர், ஒட்டுமொத்தத்துக்கு ஒருவர் என்று நடுவர்கள் சுற்றி நடப்பார்கள். உச்சப் பிரிவான கிரேடு 1 பேண்டுகளின் வட்டத்துக்கு முன்னால் சீக்கிரமே கூட்டம் சேர்ந்துவிடும், ஆனால் நுழைவுச்சீட்டோடு மைதானத்தில் இருக்கும் இன்னொரு நல்ல இடத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: பேண்டுகள் கடைசியாகச் சுருதி சேர்க்கும் பகுதி. அங்கே மிக அருகில் நின்று, ட்ரோன் எனும் சுருதிக் குழாய்கள் ஒவ்வொன்றாக ஒன்றோடொன்று கலந்து ஒரே ஒலியாவதைக் கேட்கலாம். மழைக்கோட்டு வேண்டும், குடை பின்னாலிருப்பவரின் பார்வையை மறைக்கும்.

இரு நாடுகளுக்கு வெளியே

பிரான்சின் பிரிட்டனி பகுதியில் லோரியான் நகரின் இன்டர்கெல்டிக் விழா 1971-லிருந்து ஆகஸ்டில் நடக்கிறது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், பிரெட்டன், கலீசியக் குழுக்களை ஒரே இடத்தில் கேட்க அது வசதி. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், கேப் பிரெட்டன் தீவின் கெல்டிக் கலர்ஸ் 1997-ல் தொடங்கியது. அக்டோபரில் 9 நாள். அங்கே எல்லாமே ஒரே ஊரில் நடப்பதில்லை. தீவெங்கும் ஊர் மண்டபங்களிலும் தேவாலயங்களிலும் கச்சேரிகள் சிதறிக் கிடக்கும், பொதுப் போக்குவரத்தை நம்ப முடியாது. காரை வாடகைக்கு எடுத்து, பாடெக் மாதிரி நடுவில் இருக்கும் ஊரில் தங்கி, ஒரு நாளைக்கு ஒரு திசை என்று பிரித்துக்கொள்ளுங்கள். கச்சேரி முடிந்தபின் செயின்ட் ஆன்ஸில் கேலிக் கல்லூரியில் நடக்கும் இரவு கிளப்புக்கும் போவதாக இருந்தால் திரும்பும் சாலை இருட்டில்தான். அந்தப் பக்கச் சாலைகளில் மூஸ் மான் குறுக்கே வரும், வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள்.